தட்டு லாபிர்

மாத்தளையில் ரேடியோ திருத்துகிறவர்களில் நான் கொஞ்சம் தாமதக்காரன் ஐயா. ஒரு செட்டைத் திறந்தால் தூசு தட்டி, வால்வுகளைத் துணியால் துடைத்து, பழைய ஈயத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிதாக ஒட்டுவேன். அவசரக்காரர்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஆனாலும் பின்நேரமானால் திருகோணமலை வீதியில் ஆட்கள் கூடி நின்றது என் கடை வாசலில்தான்.

அவர்கள் ரேடியோ கேட்க மட்டும் வரவில்லை. ரேடியோ பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலும் இருந்தது. கேட்டதை விளக்கிச் சொல்ல ஆள் இருந்தது என்னிடம்தான். கொழும்பிலிருந்து பேசுகிற அறிவிப்பாளர்கள் ஒருவரையொருவர் சீண்டிக்கொள்வார்கள். "நண்பர் இன்றைக்குக் குடை கொண்டுவரவில்லை போலிருக்கிறது" என்பார் ஒருவர். வெளியே வெயில் கொளுத்தும். மிளகு வியாபாரி பலீல் ஹாஜியார் என் முகத்தைப் பார்ப்பார்.

"குடை என்டா மழைக்குப் பிடிக்கிறது இல்ல ஹாஜி" என்பேன். "வெளியூர்லேந்து வார லைன் அறுந்து போனா ஒடனே போடுறதுக்கு ஒரு இசைத்தட்டப் பக்கத்துல வெச்சிக்கொள்ளோணும். அதுக்குத்தான் அவங்க குடை என்டு செல்றது. அவரு அத வெக்க மறந்துட்டாரு."

இன்னொரு நாள் ஓர் அறிவிப்பாளர், "எங்கள் வீட்டுப் பூனைக்கும் மூக்குக்கண்ணாடி வேண்டுமாம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுவார். அது ஒரு பழைய படத்தில் வந்த சங்கதி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமையல்காரன் கடிதத்தைப் பூனைக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, கண்ணாடி இல்லாததால்தான் அது வாசிக்கவில்லை என்பான். அந்தப் படம் இந்த ஊரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பார்த்தவர்கள் மிகக் குறைவு. நான் சொன்ன பிறகு எல்லோரும் பார்த்தவர்கள் மாதிரிச் சிரித்தார்கள். நேரம் மிஞ்சினால் அறிவிப்பாளர் வானிலையையும் வாழ்த்தையும் சொல்லி நீட்டுவார். அதற்குப் பெயர் தண்ணி ஊத்துறது. இப்படி நிறைய இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு, கொழும்பு நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன், வாப்பா மவுத்தானதால் கடையைப் பார்க்க வந்துவிட்டேன் என்று சொல்லுவேன். வாப்பா மவுத்தானதும் கடையும் உண்மை. நிலையத்தில் இருந்ததும் உண்மை. அறிவிப்பாளராக இருந்ததுதான் இல்லை. இசைத்தட்டு நூலகத்திலிருந்து தட்டுகளை அடுக்கிச் சுமந்துகொண்டு போய் ஒலிபரப்புக் கூடத்தில் வைத்துவிட்டு, முடிந்ததும் திருப்பி எடுத்து வருவது என் வேலை. கதவு மூடுவதற்கு முன்னால் காதில் விழுந்ததெல்லாம் எனக்குப் பாடம்.

அழகையாவைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அவன் பலாபத்வலைப் பக்கம் ஒரு கொக்கோ தோட்டத்தில் கிளாக்கராக இருந்தான். எனக்கும் அவனுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்தாலும் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவான். தோட்டத் தபால் எடுக்க டவுனுக்கு வந்தால் என் கடை வாங்கில் உட்கார்ந்து பேப்பர் வாசிப்பான். அவன் வாசிக்கும்போது வீதியில் போகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். அப்படி ஒரு குரல். விலைவாசிச் செய்தியைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது போல வாசிப்பான். எனக்கு அது பிடித்திருந்தது. பொறாமை இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் வேலம்மாவைக் கலியாணம் முடித்தபோது நானே ஒரு ரேடியோ பொருத்திப் பரிசாகக் கொடுத்தேன். வேலம்மா செல்லச்சாமி கங்காணியின் ஒரே மகள். பெருநாளைக்கு என் மனைவி மஸூதா வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். தைப்பொங்கலுக்கு வேலம்மா பொங்கலோடு வந்து எங்கள் குசினியில் இருந்து பேசிவிட்டுப் போவாள். அண்ணே என்று கூப்பிடுவாள். அவளைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

அரிசிக் கூப்பன் பாதியாகக் குறைந்ததற்கு அடுத்த வருஷம், பகுதிநேர அறிவிப்பாளர்கள் தேவை என்று கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. விண்ணப்பித்துப் பார்க்கலாம் என்று சொன்னதே நான்தான். அழகையாவுக்குப் பிரஜாவுரிமை பதிவாகியிருந்தது. அது கிடைக்காத தோட்டத்து ஆட்கள் அந்தப் பக்கம் போக முடியாது. இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். இரண்டு பேரையும் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள்.

ரயிலில் போகும்போதே அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். மைக்குக்கு நேரே வாயை வைக்காதே, கொஞ்சம் பக்கவாட்டில் இரு. தாளைத் திருப்பாதே, வாசித்து முடித்ததை மெதுவாக நழுவவிடு. சிவப்பு விளக்கு எரிந்ததும் பேசாதே, ஒரு மூச்சு எடுத்துவிட்டுத் தொடங்கு. அவன் பயத்தில் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான்.

அங்கே வாங்கில் காத்திருந்தபோது, நூலகத்தில் என்னோடு வேலை செய்த பழைய பியோன் ஒருவர் தட்டுக் கட்டோடு எங்களைக் கடந்து போனார். போனவர் திரும்பி வந்து என்னைப் பார்த்தார்.

"தட்டு லாபிர்தானே? மறுகாவும் தட்டுத் தூக்க வந்தியா?"

கிண்டலாகச் சொல்லவில்லை. பாசமாகத்தான் தோளில் தட்டிவிட்டுப் போனார். அழகையா என்னைப் பார்க்கவில்லை. தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கூப்பிட்டு நாலு வரி வாசிக்கச் சொன்னார்கள். முடிவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி வெளியே வந்து, "உங்களுக்கு இந்தத் தொழில் பற்றி நிறையத் தெரிந்திருக்கிறது" என்று மரியாதையாகச் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. அழகையாவை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்கள். பிறகு இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்து, மறுபடியும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

திரும்பி வரும் ரயில் கண்டியைத் தாண்டியது. வத்துகாமம் கிட்ட வந்தபோது நான்தான் தொடங்கினேன்.

"அங்க அந்த மனுசன் சென்னது..."

"எனக்கு ஒண்ணும் கேக்கல நானா."

"கேட்டது. எனக்குத் தெரியும். மஸூதாவுக்கும் தெரியாது. மாமாமாருக்கும் தெரியாது. இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது."

அவன் என் கையைப் பிடித்தான். "என் வாயால வராது நானா. சத்தியமா வராது."

இதுதான் அவன் சொன்ன சொல் ஐயா. நான் கேட்டு வாங்கியது இல்லை. அவனாகத் தந்தது.

தேர்வில் அவன்தான் எடுபட்டான். தோட்டத்து வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனான். குவாட்டர்ஸைக் காலி செய்யவேண்டி வந்ததால், பலாபத்வலையில் யாழ்ப்பாண வீதியோரமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து வேலம்மாவை அங்கே வைத்தான். சனி ஞாயிறு வந்து போவான். சில மாதங்களில் அவனுக்கென்று ஒரு நிகழ்ச்சி கொடுத்தார்கள். 'அது என்ன சங்கதி' என்று பெயர். புதன்கிழமை பின்நேரம் வரும். நேயர்களுக்கு விளங்காத பழைய படத்துப் பகிடிகள், வானொலிக்காரர்களின் குழூஉக்குறிகள், இவற்றுக்கு விளக்கம்.

முதல் வாரம் குடையைப் பற்றிச் சொன்னான். நான் சொல்கிற அதே ஒழுங்கில், மழைக்குப் பிடிப்பது இல்லை என்று தொடங்கி. வாசலில் நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க செல்றது மாதிரியே ஈக்கிது லாபிர் நானா" என்றார் பலீல் ஹாஜியார்.

"என்கிட்டக் கேட்டதுதானே" என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. நிகழ்ச்சியின் கடைசியில் என் பெயரைச் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்வான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பூனைக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. அதற்கடுத்த வாரம் தண்ணி ஊத்துறது. சனிக்கிழமைகளில் அவன் பிஸ்கட் பெட்டியோடு வருவான். வாங்கில் உட்கார்ந்து, "நானா, ஊசி தூங்குதுன்னு சொல்லுவீங்களே, அது எப்ப சொல்றது?" என்று கேட்பான். தட்டில் ஊசி ஒரே வரியில் சிக்கிக்கொண்டால் என்று நான் சொல்லுவேன். ஏன் சொன்னீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக வாசலில் ஆள் குறைந்தது. புதன்கிழமை வானொலியில் வருவதை மற்ற நாட்களில் என்னிடம் ஏன் கேட்க வேண்டும்? அதுவும் நியாயம்தான்.

பிறகு அந்த நிகழ்ச்சி வந்தது. ஒலிபரப்பாகிக் கொஞ்சக் காலம்தான் ஆகிறது. உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பார்கள். அறிவிப்பாளர்களைப் பற்றி மட்டும் பேசினால் போதாது, வெளியே தெரியாதவர்களையும் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தான்.

"எனக்கு இந்தச் சங்கதிகளை எல்லாம் சொல்லித்தந்தவர் மாத்தளையில் ரேடியோ திருத்துகிற ஒருவர். இந்த நிலையத்தில் இசைத்தட்டுச் சுமந்தவர். ஒரு நாளும் மைக்குக்கு முன்னால் உட்காரக் கிடைக்காதவர். நான் இங்கே பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அவர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுச் சேர்த்து வைத்தது."

குரல் கொஞ்சம் தழுதழுத்தது. நல்ல அறிவிப்பாளனுக்கு அது தேவையான இடத்தில் வரும்.

அன்றைக்கு வாசலில் நிறையப் பேர் நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அவர்களோடு சண்டை பிடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். பலீல் ஹாஜியார் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். நோயாளியைத் தடவுவது போல. ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். நான் செட்டை நிறுத்திவிட்டு, கடையைப் பூட்டி, கொங்காவெலையில் இருக்கிற என் வீட்டுக்கு நடந்தேன்.

மஸூதா சோறு போட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அவன் செல்றதெல்லாம் பொய். அவன் கத கட்டுறான்."

"பரவாயில்ல, சாப்பிடுங்க" என்றாள். பிறகு கறிச் சட்டியை மூடிக்கொண்டே, "எனக்கு முந்தியே தெரியும். கலியாணத்துக்கு முந்தி எங்க வாப்பா கொழும்புல ஆள் வெச்சி விசாரிச்சாங்க. எல்லாருக்கும் தெரியும்தானே. ஒங்களுக்கு அது சந்தோசமா ஈந்திச்சி, அதனால யாரும் ஒண்டும் கேக்கல்ல" என்றாள்.

எல்லாருக்கும் தெரியும். நான் குடையைப் பற்றிச் சொன்னபோதெல்லாம், நிலையத்தில் செய்தி வாசித்ததாகச் சொன்னபோதெல்லாம், தெரிந்துகொண்டே தலையை ஆட்டியிருக்கிறார்கள். அதுவரைக்கும் என்னை ஏமாற்றியவன் ஒருவன். அந்தச் சோற்றைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் முழு ஊரும் ஆகிவிட்டது. ஆனால் ஊரில் யாரும் என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்யவில்லை. அதனால் ஊரை நான் மன்னித்துவிட்டேன்.

சனிக்கிழமை அவன் வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"கேட்டீங்களா நானா?"

"கேட்டேன்."

"எத்தனை பேரு எழுதிப் போட்டிருக்காங்க தெரியுமா? யாரு அந்த மனுசன்னு கேட்டு. பேரு சொல்லல நானா. ஒங்களுக்கு வாக்குக் குடுத்தேன்ல."

அவனைப் பார்த்தேன். உண்மையாகவே நம்பிக்கொண்டுதான் சொன்னான். மாத்தளையில் ரேடியோ திருத்துகிறவன், நிலையத்தில் தட்டுச் சுமந்தவன் என்று சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லவில்லையாம். நான் அவனுக்கு ஒரு கோப்பை பிளேன்டி வாங்கிக் கொடுத்தேன். போகும்போது, வீட்டு ரேடியோ கரகரக்கிறது, வேலம்மா திட்டுகிறாள், கொஞ்சம் பாருங்கள் நானா என்று சொல்லி, பையிலிருந்து செட்டை எடுத்து மேசையில் வைத்தான். கலியாணத்துக்கு நான் கொடுத்த செட்.

அதை நான் கேட்டு வாங்கவில்லை. அதையும் அவனாகத்தான் தந்தான்.

சில நாள் யோசித்தேன். அவன் எனக்குச் செய்தது என்ன என்று ஒழுங்காக எடுத்துப் பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. என் சொத்தை எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் எனக்கு எது தாங்காதோ அதை, எனக்கு முன்கூட்டிச் சொல்லாமல், நாலு பேர் கூடி நிற்கும்போது, என் கடை ரேடியோவில் வாசித்துக் காட்டினான். ஆகவே அவனுக்கும் அப்படி ஒன்று வர வேண்டும். அவனை அடிப்பதோ கொல்லுவதோ அதற்கு ஈடாகாது. அவனுக்கு எது தாங்காதோ அது அவன் கையில் ஒரு தாளாக வர வேண்டும். அதை அவன் முன்கூட்டிப் பார்க்காமல் நாடு முழுக்கக் கேட்க வாசிக்க வேண்டும்.

புதன்கிழமைகளில் அவனுடைய நிகழ்ச்சிக்குப் பிறகு செய்தி. செய்திக்குப் பிறகு மரண அறிவித்தல். அதையும் அன்றைக்கு அவன்தான் வாசிப்பான். மரண அறிவித்தல் தாள்களைக் கடைசி நேரத்தில்தான் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அறிவிப்பாளர் அவற்றை முன்னால் பார்ப்பதில்லை. பச்சையாக வாசிப்பது என்று அதற்குச் சொல்வார்கள். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

மரண அறிவித்தல் எழுதுவதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஊரில் மவுத்து, மரணம் எதுவானாலும் சுருக்கமாக எழுதித்தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். தபால் கந்தோரிலும் என் கையெழுத்தைத் தெரியும். அந்தப் புதன்கிழமை மத்தியானம் தந்தி கொடுத்தபோது ஒரு கேள்வியும் வரவில்லை. இப்படி எழுதினேன். 'பலாபத்வலை யாழ்ப்பாண வீதியைச் சேர்ந்த திருமதி வேலம்மா இன்று காலமானார். அன்னார் செல்லச்சாமி, நல்லம்மா ஆகியோரின் ஒரே மகளாவார்.' கணவன் பெயரை வேண்டுமென்றே விட்டேன். எழுதியிருந்தால் நிலையத்தில் யாராவது கவனித்து அவனை வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள்.

பொய்யான தந்தி என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். இன்னும் கொஞ்சம் கேளுங்கள்.

தந்தியைக் கொடுத்துவிட்டுச் செட்டோடு பஸ் ஏறிப் பலாபத்வலைக்குப் போனேன். அந்த மாதிரிச் செட்டுகளில் உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தில் மின்சாரம் ஏறாமல் ஒரு காப்பு இருக்கும். அதை எடுத்திருந்தேன். நிலையம் தெளிவாகக் கேட்காதபடி அலைவரிசையைக் கொஞ்சம் விலக்கிவிட்டு, அதை மாற்றுகிற குமிழையும் கழற்றியிருந்தேன். அந்தச் சட்டத்தோடு சேர்ந்த வெறும் இரும்புத் தண்டுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வேலம்மா அப்போதுதான் வீடு கழுவியிருந்தாள். சிமெந்துத் தரை ஈரமாக இருந்தது.

செட்டை மேசையில் வைத்தேன். பிளக்கைச் செருகினேன், சுவிட்சைப் போடவில்லை.

"குமிழ் ஒடஞ்சி போச்சி தங்கச்சி. புதுசு வந்தோடன கொண்டாந்து போடுறேன். அழகையாட நிகழ்ச்சி தொடங்குற நேரத்துல சுவிட்சப் போடுங்க. சத்தம் தெளிவில்லாட்டி இந்தத் தண்ட வெரலால புடிச்சி மெதுவாத் திருப்புங்க."

"சரி அண்ணே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். இஞ்சி போட்டிருந்தாள். கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "அண்ணே, நான் சொன்னேன்னு அவருகிட்டச் சொல்லிறாதீங்க. அடுத்த மாசம் ஒங்களக் கொழும்புக்குக் கூட்டிட்டுப் போறாராம். பெரியவங்ககிட்டப் பேசி உத்தரவு வாங்கிட்டாராம். நிகழ்ச்சி முழுக்க நீங்கதான் பேசணுமாம். மைக்குக்கு முன்னால ஒக்காரவச்சிட்டுத்தான் ஓய்வேன்னு ராவெல்லாம் அதே பேச்சு."

கோப்பையைக் கீழே வைத்தேன். அந்த நேரத்தில் செட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதை யோசித்தேன். ஆனால் தந்தி போய்விட்டது. செட்டை எடுத்துக்கொண்டு வந்தால், அன்று வாசிக்கப்படுவது பொய்யாகிவிடும். உயிரோடு இருக்கிறவரை இறந்ததாக வாசித்தால் மறுநாள் நிலையம் மறுப்பு வாசிக்க வேண்டும். வானொலிக்கு அதைவிட அவமானம் கிடையாது. வாசித்தவனுக்கும் வேலை போகும். அவன் வேலையைக் கெடுக்க நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

"பெரிய சந்தோசம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தேன்.

கடையைத் திறந்து ரேடியோவைப் போட்டேன். பலீல் ஹாஜியாரும் இன்னும் கொஞ்சப் பேரும் வந்தார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர்கள் என்மேல் இரக்கப்பட்டு வந்துகொண்டிருந்தார்கள். 'அது என்ன சங்கதி' தொடங்கியது. நான் ஒரு செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நிகழ்ச்சி முடிந்து செய்தி வந்தது. பிறகு மரண அறிவித்தல். அழகையாவின் குரல். முதலில் வத்தளையில் ஒருவர். அடுத்தது மட்டக்களப்பில் ஒருவர். பிறகு, "பலாபத்வலை யாழ்ப்பாண வீதியைச் சேர்ந்த திருமதி வேலம்மா இன்று..." என்று வாசித்தவன் நின்றான்.

ஒன்றும் கேட்கவில்லை. வால்வின் இரைச்சல் மட்டும். வாசலில் நின்றவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை, ரேடியோ கெட்டுவிட்டதோ என்று என்னைப் பார்த்தார்கள். பழக்கத்தில் நான் வாயைத் திறந்தேன்.

"செட்டுல பழுது இல்ல. லைன் ஈக்கிது, மைக் ஈக்கிது, பேசுறவர் பேசல்ல. இதுக்கு டெட் எயார் என்டு செல்றது. வானொலிக்காரன் இதுக்குத்தான் ஆகக் கூடப் பயப்படுறது."

அவர்கள் தலையை ஆட்டினார்கள். வெகு நாளைக்குப் பிறகு அவர்கள் விளங்காமல் கேட்டு, நான் சொல்லி, விளங்கிக்கொண்டார்கள்.

அவன் அழுவான், எழுந்து ஓடுவான், யாராவது குடைத் தட்டைப் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. ஒரு மூச்சு எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதே குரலில், கொஞ்சமும் நடுங்காமல், வாசித்து முடித்தான். "காலமானார். அன்னார் செல்லச்சாமி, நல்லம்மா ஆகியோரின் ஒரே மகளாவார். அழகையாவின் மனைவியாவார்."

கடைசி வரி தந்தியில் இல்லை ஐயா. அறிவிப்பாளர் தன் பாட்டுக்கு ஒரு வரி சேர்க்கக் கூடாது. அதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பலீல் ஹாஜியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பலாபத்வலையில் பக்கத்து வீட்டு நாச்சியா, நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஓடிப்போய் வேலம்மாவைப் பார்த்தாளாம். அவளிடமிருந்து டவுனுக்குச் செய்தி வருவதற்கு முன்பே வானொலி சொல்லிவிட்டது. தந்தி யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துக் கந்தோரில் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று அழகையா நினைத்தான், அழகையா கொடுத்திருப்பான் என்று தோட்டத்தில் நினைத்தார்கள். தந்தி கொடுத்த நேரத்தை நீங்களே பாருங்கள். அவள் அப்போது வீடு கழுவிக்கொண்டிருந்திருப்பாள்.

இதை ஏன் நானாக வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். நேற்று நடந்த மரண விசாரணைதான் காரணம். விபத்து என்று முடித்தார்கள். அதோடு விட்டிருந்தால் நான் வந்திருக்கமாட்டேன். ரேடியோ திருத்தியவரின் கவனயீனம் என்று எழுதினார்கள். அப்போது அழகையா எழுந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. கைகட்டிக்கொண்டு பேசினான்.

"நானாவுக்கு ஒண்ணும் செஞ்சிறாதீங்க ஐயா. அவருக்கு அவ்வளவு தூரத்துக்கு வேல தெரியாது. பாவம், ஆசைக்குச் செய்யிறவரு. தெரியாம நடந்துருச்சு. எனக்கு இப்ப அவரத் தவிர வேற யாரும் இல்ல."

எல்லோர் முன்னாலும் சொன்னான். வேலை தெரியாதவன் என்று. அவனுக்கு நான் இவ்வளவு செய்த பிறகும், இரண்டாம் முறையும் அதையே செய்தான்.

ஆகவே திருத்தி எழுதுங்கள். காப்பை நான் மறக்கவில்லை, எடுத்தேன். குமிழ் உடையவில்லை, நான் கழற்றினேன். தரை ஈரமாக இருந்ததைப் பார்த்தேன். வேலம்மாவை நான்தான் கொன்றேன், என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். அந்த வேலையில் கவனயீனம் எங்கேயும் இல்லை.

அழகையா வெளியே வாங்கில் இருக்கிறான். நான் பொலிஸுக்குப் போகிறேன் என்றதும், தனியாகப் போகாதீங்க நானா என்று கூடவே வந்தான். எனக்காக இன்னொரு தரம் உங்களோடு பேசப் போகிறானாம். அவனை உள்ளே கூப்பிடுங்கள். நீங்கள் சொன்னால் நம்பமாட்டான். நான் சொன்னால் விளங்கிக்கொள்வான், எப்போதும் அப்படித்தான்.